மேல் வரியில் பகாங்

திருச்சி விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, நெத்திலிச் சம்பல் டப்பாக்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, சேலைகளுக்கு நடுவில் சுற்றி வைத்திருந்த கறுப்புப் பலகையைத் தூக்கிப் பிடித்து, "இது என்னங்க?" என்றார்.

கம்ப்யூட்டரில் படம் வரைகிற பலகை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் எனக்குப் பேச்சு வராது. "அண்ணன் மகளோடது" என்றேன்.

"அண்ணன் மகளோடது சரி. பொருள் என்ன?"

"அவ வாழைக்குப் படம் போடுறா."

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை மூடிக் கொடுத்தார்.

நான் பகாங் மாநிலத்து மெந்தகாப்பில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் செய்கிறவள். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு நின்றது. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் குடும்பம்தான் என் குடும்பம். அண்ணன் மகள் யாழினி திருச்சியில் துவாக்குடிப் பக்கம் கல்லூரியில் படிக்கப் போனாள். படிப்பு முடிந்தும் திரும்பவில்லை. அங்கேயே ஒரு சின்னக் குழுவோடு சேர்ந்து, வாழை ரகங்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கருவி செய்கிறாளாம். கருவி என்றால் இரும்பில் செய்வதல்ல. கம்ப்யூட்டர் திரையில் தெரிகிற படம்.

அண்ணன் என்னிடம் இரண்டு வேலைகளைக் கொடுத்தனுப்பினார். யாழினி வீட்டில் விட்டுப்போன பலகையைக் கொண்டு சேர்ப்பது முதல் வேலை. யாழினியைக் கையோடு கூட்டி வருவது இரண்டாவது. அவளுடைய வேலையும் ஊசலாட்டத்தில்தான் இருந்தது. தொட்டியம் பக்கத்து வாழை விவசாயிகளின் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்ட வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் வேலை தொடரும், இல்லையென்றால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். "கலைக்கட்டும். கலைச்சதும் கூட்டிக்கிட்டு வந்துடு. நீ ஒண்ணும் பேச வேண்டாம், கூட இருந்தா போதும்" என்றார் அண்ணன். பேச வேண்டாம் என்று சொன்னதால்தான் நான் விமானம் ஏறினேன்.

யாழினி குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் ஒரு வீட்டு மாடி. விமான நிலையத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் மனதுக்குள் ஒரு நீளமான கணக்கு எழுதிவிட்டேன். நம் ஊர்போல நடைபாதை இல்லை. பஸ் நிறுத்தத்துக்குக் கூரை இல்லை. ஹாரனுக்கு ஓய்வு இல்லை. காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. அதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் வேதவல்லி மாமி வாசலிலேயே நின்றிருந்தார். மாமியின் கணவர் கோயில் கைங்கரியத்துக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவாராம்.

"வாங்கோ வாங்கோ. மலேயாவிலேர்ந்து தனியாவா வந்தேள்? ஆத்துக்காரர் வரலையா?"

"இல்லைங்க."

"குழந்தைகள் எத்தனை?"

"இல்லைங்க."

"தோப்பனார், தாயார்?"

"இல்லைங்க. அண்ணன் இருக்காரு."

"அப்பாடா" என்றார் மாமி. ஒன்றாவது இருக்கிறதே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று மாமி வீட்டில் சாப்பாடு. இலையில் சோறு வைத்த மாமி, "கொஞ்சம் சாத்தமுது சாதிக்கட்டுமா?" என்று கேட்டார். எதைச் சாதிக்கப் போகிறார் என்று தெரியவில்லை. "சரிங்க" என்றேன். ரசம் வந்தது. அடுத்து "கறியமுது?" என்றார். கறி என்றதும் கொஞ்சம் திடுக்கிட்டேன். அதற்கும் "சரிங்க." பீன்ஸ் பொரியல் வந்தது. "திருக்கண்ணமுது?" "சரிங்க." பாயசம். ஒன்றும் புரியாமலே வயிறு நிறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழினி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு குலுங்கினாள்.

மறுநாள் காலை கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். மாமியிடம், உங்களுக்கு ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். அரிசிதான் நிறைஞ்சிருக்கு" என்றார். அரிசி நிறைய இருக்கிறது, மற்றது எதுவும் வாங்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். கத்திரிக்காய், தேங்காய், ஒரு சீப்பு பூவன் பழம், பருப்பு எல்லாம் வாங்கினேன். அரிசிக் கடையைத் தாண்டித்தான் வந்தேன்.

மாமி பையைக் கவிழ்த்துப் பார்த்தார். "அரிசி?"

"நிறைஞ்சிருக்குன்னீங்களே?"

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகுதான் விளக்கினார். அரிசி, உப்பு, மஞ்சள், எண்ணெய் இதெல்லாம் வீட்டில் தீர்ந்துபோனால் 'இல்லை' என்று வாயால் சொல்லக் கூடாதாம். சொன்னால் அது வீட்டில் தங்கிவிடுமாம். அதனால் தீர்ந்ததை 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்வார்களாம். "இல்லைங்கற வார்த்தைய அடுப்பாங்கரையில சொல்லப்படாது. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்கோ" என்றவர், எதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை. அரிசி வாங்க மறுபடியும் கடைக்குப் போனேன்.

யாழினியின் அலுவலகம் தென்னூரில். அவள் முன்னால் போய்விட்டாள். அவள் மறந்து வைத்துப்போன பலகையின் பேனாவை எடுத்துக்கொண்டு நான் பின்னால் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறியதும் இறங்குவதற்கான பொத்தானைத் தேடினேன். நம் ஊரில் அதை அழுத்தினால் மணி அடிக்கும், யாரிடமும் பேச வேண்டியதில்லை. இங்கே, இறங்க வேண்டும் என்று நாமே குரல் கொடுக்க வேண்டும். தென்னூர் வந்தது. குரல் வரவில்லை. தென்னூர் போனது. மத்தியப் பேருந்து நிலையத்தில் எல்லாரும் இறங்கியபோது நானும் இறங்கினேன். கண்டக்டர், "தென்னூருக்குத்தானம்மா டிக்கெட் வாங்குனீங்க?" என்றார். "சுத்திப் பாக்கலாம்னு" என்றேன். ஆட்டோவில் திரும்பி வந்தேன்.

கீழே மெத்தைக் கடை, மாடியில் அலுவலகம். கடை ஜமாலின் அத்தாவுடையது; அப்பாவை அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான். ஜமால்தான் யாழினியோடு சேர்ந்து கருவியைச் செய்கிற பையன். முப்பது வயது இருக்கும். மாடிக்கு வரும்போதெல்லாம் உடம்பில் பஞ்சு ஒட்டியிருக்கும். என்னை முதலில் ஆன்ட்டி என்றவன், யாழினி கூப்பிடுவதைக் கேட்டு அரை மணியில் அத்தைக்கு மாறிவிட்டான்.

"அத்தை, எங்க படத்தைப் பாருங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லணும்" என்று என்னைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தான். அவன் சொன்னதை எனக்கு எட்டிய அளவில் எழுதுகிறேன். ஒவ்வொரு வாழைக்குள்ளும் அது எப்படி வளர வேண்டும் என்பது கோடிக்கணக்கான எழுத்துகளாக வரிசையில் இருக்கிறது. இரண்டு வாழைகளின் எழுத்துகளைப் பக்கத்தில் வைத்து எந்த மனிதராலும் படித்து ஒப்பிட முடியாது. அதனால் எழுத்துகளைத் துண்டு துண்டாக்கி நிறம் கொடுத்துவிடுகிறார்கள்.

"கூட்ஸ் வண்டி பார்த்திருக்கீங்கள்ல? ஒரு வண்டிய மேல நிறுத்துறோம். இன்னொரு வண்டிய அதுக்கு நேரா கீழ நிறுத்துறோம். ஒரே மாதிரிப் பெட்டிக்கு ஒரே கலர், நடுவுல ஒரு கோடு. பெட்டி இடம் மாறியிருந்தா கோடு குறுக்க போகும். மேல இருக்கற பெட்டி கீழ இல்லன்னா அந்த இடம் வெள்ளை. அவ்வளவுதான்."

அழகாக இருந்தது. பட்டுப்பாவாடைக் கரைபோல நிறங்கள். கீழ் வரியில் 'முத்துசாமி ரஸ்தாளி' என்று எழுதியிருந்தது. மேல் வரியைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 'பகாங்.'

"நம்ம பகாங்கா?"

"நம்ம பகாங்தான் அத்தை" என்றாள் யாழினி. "அங்க கிடைச்ச காட்டு வாழை. வாழையில முதல்ல முழுசா படிச்சது அதைத்தான். அதனால யார் எந்த வாழையை ஒப்பிட்டாலும் அதைத்தான் மேல வைப்பாங்க."

இந்தப் பெருமையை அண்ணனுக்கு உடனே போனில் சொன்னேன். அண்ணனும் நெஞ்சை நிமிர்த்தியிருப்பார் என்பது குரலில் தெரிந்தது.

சாயங்காலம் எல்லாருக்கும் வடை வாங்கக் கீழே போனேன். நினைப்பு மெந்தகாப்பில் இருந்ததால், "நாலு வடை பொங்குஸ்" என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் பொட்டலம் கட்டித் தருவதற்கு மலாய்க்காரர்கள் சொல்கிற வார்த்தை; நாமும் அப்படித்தான் சொல்கிறோம். கடைக்காரர், "பொங்கல் காலையிலதாம்மா" என்றார். "பொங்கல் இல்ல, பொங்குஸ்." "பொங்கலேதாம்மா, காலையில வாங்க, நெய் விட்டு வைக்கிறேன்" என்றார் கனிவாக. "சரிங்க" என்று வெறுங்கையோடு மாடிக்கு வந்தேன். ஜமால் போய் வாங்கி வந்தான்.

அதற்கு அடுத்த நாள் தொட்டியம். சனிக்கிழமை விவசாயிகள் கூட்டம். அதற்கு முன்னால் முத்துசாமிக்குப் படத்தைக் காட்டி அவருடைய சம்மதத்தை வாங்க வேண்டும். அவருடைய ரஸ்தாளிதான் இந்த வேலைக்கே காரணம். சுற்றுவட்டாரத்தில் வாடல் நோய் வந்து, இலை மஞ்சளாகி, தண்டு வெடித்து, ரஸ்தாளித் தோட்டங்கள் போய்விட்டன. முத்துசாமியின் தோட்டத்தில் ஒரு மூலையில் மட்டும் சில கட்டைகள், அதாவது கிழங்கோடு சேர்ந்த வாழைகள், வருஷக்கணக்காக நோய் இல்லாமல் நிற்கின்றன. முன்பே ஓர் இலை வாங்கி அதன் எழுத்துகளைப் படித்துவிட்டார்கள். மற்றக் கட்டைகளிலும் இலை எடுக்க அவர் விட்டால்தான் மேற்கொண்டு எதுவும் தெரியும். அவர் ஒப்புக்கொண்டால் மற்றவர்களும் தங்கள் தோட்டத்தைத் திறந்துவிடுவார்கள்.

நாமக்கல் போகிற பஸ். முசிறி தாண்டியதும் சாலையின் ஒரு பக்கம் காவிரி, இரண்டு பக்கமும் வாழை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் ஒரு கல்யாணத்தில் போட்ட சாப்பாட்டை வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்கள். இறங்கும்போது ஒருத்தி, "இருந்தாலும் கூப்பிட்டாங்கள்ல" என்றாள். மற்றவள், "அதுக்குத்தான போனோம்" என்றாள்.

முத்துசாமி எங்களைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் பேசவே விட்டார். அவர் மனைவி பழனியம்மாள் வாழைப்பூ வடை சுட்டிருந்தார். என் இலையில் வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?" "இல்லைங்க." கையில் இருந்த வடையை வைத்துவிட்டு, இன்னொன்றையும் வைத்தார்.

ஜமால் கட்டிலின் மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். முத்துசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பழனியம்மாள் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். மேலே பகாங் ஓட்டை இல்லாமல் நிறம் நிறமாக இருந்தது. கீழே முத்துசாமியின் ரஸ்தாளி. அதில் அங்கங்கே வெள்ளை. முத்துசாமி ஒரு வெள்ளையைத் தொட்டார். 'இல்லை' என்று எழுத்து எழுந்தது.

"இது என்னங்க தம்பி?"

"உங்க வாழையில இல்லாததுங்க."

இன்னொன்றைத் தொட்டார். 'இல்லை.' இன்னொன்று. 'இல்லை.' விரலை எடுத்துக்கொண்டார்.

"புரியுதுங்களா?" என்றாள் யாழினி.

"புரியுது பாப்பா. நல்லாத்தான் பண்ணிருக்கீங்க."

"அப்ப சனிக்கிழமை இதைக் காட்டலாங்களா? மத்தக் கட்டையிலயும் இலை எடுத்துக்கட்டுமா?"

"அதுக்கென்ன, சரிங்க. பாத்துக்கலாம்" என்று கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார்.

நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். பழனியம்மாள் செம்பில் தண்ணீர் ஊற்றினார். நாலு எட்டில் அந்த ரஸ்தாளிக் கட்டைகள் நின்றன. ஒரு மரத்தில் தார் வளைந்து தொங்கியது.

"ஏங்கக்கா, மேல இருந்தது உங்க ஊரு வாழையாமே. திம்பீங்களா அதை?"

"திங்க முடியாதுங்க. முழுக்கக் கொட்டை. குரங்குதான் திங்கும்."

அவர் செம்பைக் கீழே வைத்தார். "குரங்கு திங்கற வாழையில இருக்கறதெல்லாம் எங்க வாழையில இல்ல, இல்ல, இல்லன்னு எழுதிருக்கு. எங்களுதுல இருக்கு, அதுல இல்லன்னு ஒண்ணுகூடவா கிடையாது?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாரைப் பார்த்தேன்.

"சனிக்கிழமை நாலு ஊருச் சனம் முன்னால இதைக் காட்டுனா, வியாபாரி என்ன பேசுவான்? முத்துசாமி வாழையில ஒண்ணுமே இல்லையாம்னு பேசமாட்டான்? அவரு வரமாட்டாருக்கா. வாயால மாட்டேன்னு சொல்லமாட்டாரு. வரமாட்டாரு, அவ்வளவுதான். உங்க பொண்ணு பாவம், வெயில்ல வந்திருக்கு. எப்படிச் சொல்றது?"

திரும்பும் பஸ்ஸில் யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்து, "சரின்னுட்டாரு அத்தை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜமால் முன் இருக்கையிலிருந்து கட்டைவிரலைக் காட்டினான்.

அந்தச் 'சரிங்க' எனக்குத் தெரியும். சாத்தமுதுக்கு நான் சொன்னது அதுதான். பொங்கல் கடையில் சொன்னதும் அதுதான். சனிக்கிழமை முத்துசாமி வரமாட்டார், மற்றவர்களும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், குழு கலையும், நான் யாழினியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவேன். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான், பேசாமல் இருப்பது. அதில் எனக்குப் பயிற்சி போதும். காவிரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குத் தண்ணீர் நிறையப் போனது.

மறுநாள் காலையில் முத்துசாமியிடமிருந்து போன் வந்தது. சம்பந்தி வீட்டில் ஒரு விசேஷமாம். சனிக்கிழமை வருவது சிரமமாம். இலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். யாழினி, "பரவாயில்லைங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். அவள் அழவில்லை. மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பாகிட்ட சொல்லிடுங்க அத்தை, உங்ககூடவே நானும் வரேன்னு" என்றாள்.

நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அண்ணன் பெயர் திரையில் இருந்தது. அப்போது கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. யாரிடமோ, "எண்ணெய் நிறைஞ்சுடுத்து, வரச்சே வாங்கிண்டு வாங்கோ" என்றார்.

போனை மடியில் வைத்துவிட்டு, "அவங்களுக்கு விசேஷம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். பின்வாசலில் பழனியம்மாள் கேட்டதை அப்படியே சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசி யாழினி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. "வெள்ளைன்னா குறைன்னு அர்த்தம் இல்ல அத்தை. அந்தப் பெட்டி அதுல இல்ல. அது உண்மை. உண்மைய மாத்தவா முடியும்?"

"மாத்த வேண்டாம்மா. அவங்க வண்டியில மட்டும் இருக்கற பெட்டி எங்க? ஒண்ணுகூடக் கிடையாதா?"

"ஏன் இல்லாம? நிறைய இருக்கு. ரஸ்தாளி கலப்பு. அதுல ஒரு பங்கு வேற காட்டு வாழை வழியா வந்தது. பகாங்ல அதெல்லாம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பிறகு வேறு குரலில் சொன்னாள். "மேல் வண்டிக்கு நேராத்தான் இடம் விட்டிருக்கோம். மேல இல்லாத பெட்டிக்குக் கீழ நிக்க இடம் இல்ல. அதனால மடிச்சு உள்ள வச்சிருக்கோம். சின்னதா ஒரு புள்ளி இருக்கும், தட்டினா விரியும்."

"நான் புள்ளி எதையும் பாக்கலியே."

"யாரும் பாக்கலை. அப்புறமா சரிபண்ணலாம்னு நாங்கதான் தள்ளி வச்சோம்" என்று எழுந்தாள். நான் கொண்டுவந்த பலகை அன்றைக்குத்தான் உறையிலிருந்து வெளியே வந்தது.

தென்னூர் மாடியில் இரண்டு நாள் அவர்கள் வேலையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜமால் வீட்டிலிருந்து அவன் அம்மா பிரியாணியும் தாளிச்சாவும் கொடுத்தனுப்பினார். நம் ஊர்ப் பிரியாணியைவிட நன்றாக இருந்தது என்பதைத் தயக்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 'இல்லை' என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறென்ன போடுவது என்று பேச்சு வந்தது. நான் மாமியின் அரிசிக் கதையைச் சொன்னேன். "அப்ப 'நிறைஞ்சிருக்கு'ன்னே போட்டுடலாம்" என்றான் ஜமால். "போடு. இல்லாத பெட்டிய எல்லாரும் இருக்குன்னு படிச்சு, நான் நாளைக்கே மெந்தகாப்புக்கு மூட்டை கட்டறேன்" என்றாள் யாழினி. கடைசியில் 'மேலே மட்டும்', 'கீழே மட்டும்' என்று வைத்தார்கள். மடித்து வைத்ததையெல்லாம் விரித்து, இரண்டு வண்டிகளுக்கும் சமமாக இடம் விட்டார்கள். படம் முன்னைவிட நீளமாக, கொஞ்சம் கோணலாக இருந்தது. இன்னொன்றும் செய்தார்கள். எந்த வரியையும் விரலால் பிடித்து மேலே கொண்டுபோகலாம்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் நாமக்கல் பஸ். சொல்லாமல் போய் நின்றதும் முத்துசாமி சங்கடப்பட்டார். ஜமால் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "விசேஷம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்றான். "வாங்க தம்பி, முதல்ல உக்காருங்க" என்று அவர் துண்டால் கட்டிலைத் தட்டினார்.

ஜமால் படத்தை அவர் பக்கம் திருப்பினான். நான், "அவங்க கையில குடுப்பா" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பழனியம்மாளைப் பார்த்தேன்.

அவர் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு வந்தார். யாழினி சொல்லிக் கொடுத்தபடி கீழ் வரியைத் தொட்டு மேலே இழுத்தார். முத்துசாமி ரஸ்தாளி மேலே போனது. பகாங் கீழே வந்தது. அதன் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பழனியம்மாள் ஒரு வெள்ளையைத் தொட்டார். 'மேலே மட்டும்.' இன்னொன்று. 'மேலே மட்டும்.'

"அப்ப உங்க ஊரு வாழையிலயும்தான் ஓட்டை" என்று என் தோளில் தட்டிச் சிரித்தார்.

"ஆமாங்க, நிறைய இருக்கு" என்றேன். என் மாநிலத்துப் பெயர் கீழ் வரியில் அத்தனை ஓட்டையோடு கிடந்தது. எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ உடம்பு லேசானது போல இருந்தது. வந்த நாளிலிருந்து இந்த ஊரைக் கீழே வைத்து, நடைபாதை இல்லை, கூரை இல்லை, பொத்தான் இல்லை என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. காவிரிக் காற்று எந்தப் புள்ளிக்குள் மடிந்து கிடந்ததோ.

முத்துசாமி சிரிக்கவில்லை. படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "நோய் வராம நிக்கிதே, அதுக்குக் காரணம் இதுல எது பாப்பா?" என்றார்.

"தெரியலைங்க. அதைத்தான் தேடுறோம். இதுலதான் இருக்கான்னும் இன்னும் சொல்ல முடியாது" என்றாள் யாழினி.

அவர் மனைவியைப் பார்த்தார். "என்ன சொல்ற?"

"என்னைய ஏன் கேக்குறீங்க? சம்பந்தி வீட்டுல கேளுங்க" என்றார் பழனியம்மாள்.

முத்துசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கட்டையத் தோண்டக் கூடாது. இலை எடுத்துக்கங்க. கூட்டத்துக்கு நான் வரேன். ஆனா எங்களுதத்தான் மேல வைக்கணும்."

கூட்டம் தொட்டியத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. படத்தில் வேறு சில ரகங்களும் வரிசையில் இருந்தன. முத்துசாமி ரஸ்தாளியை மேலே வைத்ததும், பூவன் போட்டிருந்த ஒருவர் எழுந்து, "ஏன், என்னுது மேல வரப்படாதா?" என்றார். வைத்தார்கள். கற்பூரவல்லிக்காரர் எழுந்தார். ஜமால் இழுத்து இழுத்து விரல் ஓய்ந்துபோனான். இதனால் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, பதிலில் திருப்தியில்லாமல் டீ வருவதற்குள் கிளம்பியவர்களும் உண்டு. இருந்தவர்கள், அடுத்த தார் வெட்டுகிற வரைக்கும் இலை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் 'பார்க்கலாம்' எந்த வகை என்று யாழினி என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

கிளம்புகிற நாளில் மாமி ஒரு டப்பாவில் புளியோதரை கட்டிக் கொடுத்தார். அவர் கேட்காமலே நான் சொன்னேன், அரிசி வாங்கி வைத்துவிட்டேன் என்று. "அடுத்த தடவை வரச்சே அண்ணாவையும் அழைச்சிண்டு வாங்கோ" என்றார். தென்னூர் வழியாகத்தான் பஸ் போனது. ஜமாலிடம் சொல்லிக்கொள்ள அங்கே இறங்க வேண்டும். "இறங்கணுங்க" என்று சொன்னேன். இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே வந்துவிட்டது.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் அண்ணன் காத்திருந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். பையை வாங்கி வண்டியில் ஏற்றினார். காராக் நெடுஞ்சாலை மலையேறத் தொடங்கியதும் இரண்டு பக்கச் சரிவிலும் காட்டு வாழை. ஆயிரம் முறை கடந்துபோன பாதை அது. அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். நிமிர்ந்து, கொட்டையை உள்ளே வைத்துக்கொண்டு, யாருக்கும் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

"அவளுக்கு அங்க வேலை நிறைஞ்சிருக்குண்ணே" என்றேன். மாமி கேட்டிருந்தால் வேலை போய்விட்டது என்று நினைத்து வருத்தப்பட்டிருப்பார்.

அண்ணன் ஒரு லாரியைத் தாண்டினார். பிறகு, "நீ ஒரு வார்த்தை வாயைத் திறந்திருந்தா அவ வந்திருப்பா" என்றார்.

"திறந்தேண்ணே. அதனாலதான் வரல."